தொங்கிய கம்பி சொன்ன சாட்சி

மருமகன்மேல் புகார் சொல்ல வரும் மாமியார்களை எங்கள் துப்பறியும் அலுவலகம் நிறையவே பார்த்திருக்கிறது. அவன் எங்கே போகிறான், யாரோடு பேசுகிறான், ராத்திரி எத்தனை மணிக்கு வருகிறான் என்று கேட்டு வருவார்கள். மருமகனைக் காப்பாற்றச் சொல்லி வந்த மாமியாரை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"என் மாப்பிள்ளை சோம்பேறி மேடம். ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு முன்னாடி எழுந்தா உலகம் அழிஞ்சிடும்னு நெனைக்கிற ஆளு. வீட்டுல குழாய் ஒழுகுதுன்னு சொன்னா ஒரு மாசம் கழிச்சு வாஷர் வாங்கிட்டு வருவாரு. ஆனா பொய் சொல்ல மாட்டாரு. பொய் சொல்றதுக்கும் கொஞ்சம் சுறுசுறுப்பு வேணும்ல."

எனக்கு அந்த அம்மாளை அப்போதே பிடித்துப்போயிற்று.

என் முதலாளியை எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது வருடம் காப்பீட்டு நிறுவனத்தில் உட்கார்ந்து, எரிந்த கடை, காணாமல் போன லாரி, மூழ்கிய படகு என்று வந்தவர்களின் கதைகளைச் சரிபார்த்தவர். பொய் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், கடைசியில் பொய்யைக் கண்டுபிடிப்பதையே சொந்தத் தொழிலாக்கிக்கொண்டார். நான் அவருடைய உதவியாளன். ஓயாமல் பேசுகிறேனாம், அதனால் எனக்கு ‘ரேடியோ’ என்று பெயர் வைத்திருக்கிறார். பெயர் வைத்ததோடு விட்டாரா? வாடிக்கையாளர் முன்னாலேயே விரலைத் திருகிக் காட்டி, சத்தத்தைக் குறை என்பார்.

"விஷயத்துக்கு வாங்கம்மா" என்றார் மேடம்.

விஷயம் இதுதான். மாப்பிள்ளை மின்சார அலுவலகத்தில் லைன்மேன். போன வாரம் திங்கட்கிழமை தன் லைனிலுள்ள பன்னிரண்டு டிரான்ஸ்பார்மர் கம்பங்களையும் பார்த்துவிட்டு, மின்னல் தடுப்பு இணைப்பெல்லாம் சரி என்று பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். புதன்கிழமை இடி, மழை. ஐந்தாம் நம்பர் கம்பத்து டிரான்ஸ்பார்மர் எரிந்துவிட்டது. வியாழக்கிழமை அதிகாரி வந்து அண்ணாந்து பார்த்தால், மின்னலை மண்ணுக்குக் கொண்டுபோக வேண்டிய எர்த் கம்பி எதிலும் ஒட்டாமல் அந்தரத்தில் தொங்குகிறது. உடனே படம் எடுத்தார். இணைப்பே கொடுக்காமல் சரி என்று பொய்க் கையெழுத்து போட்டதாக எழுதி, அன்றைக்கே லைன்மேனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்.

"இன்னிக்கு நாலு மணிக்கு விசாரணை. விசாரணைன்னு பேருதான். வேலையை விட்டு எடுக்கற ஆர்டரை டைப் அடிச்சே வச்சிட்டாங்களாம்" என்றார் மாமியார். கைப்பையிலிருந்து புகைப்பட நகலை எடுத்து மேஜையில் வைத்தார். "அந்தக் கம்பத்துலேருந்துதான் எங்க குஞ்சு பொரிப்பகத்துக்குக் கரண்ட் வருது. நான் அங்க சூப்பர்வைசர். அன்னிக்கு ரெண்டு பத்துக்குக் கரண்ட் போய், உடனே வந்திடுச்சு. ரெண்டு நாப்பதுக்கு மறுபடியும் ஒரு இடி. அதோட சரி, டமால்னு ஒரு சத்தம். பன்னெண்டாயிரம் முட்டை இன்குபேட்டர்ல இருக்கு. ஜெனரேட்டரை ஓட்டிச் சமாளிக்கறதுக்குள்ள எனக்கு உயிரே போயிடுச்சு."

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படத்தை மூக்குக்கு நாலு விரற்கடை தூரத்தில் பிடித்தார்.

"ரேடியோ, இந்தக் கம்பியோட நுனியில என்ன தெரியுது?"

"ஒரு போல்ட்டு. அதுல ஒரு நட்டு."

"நட்டு எப்படி இருக்கு?"

"இறுக்கமா இருக்கு மேடம்."

"உனக்கு ஒரு வீட்டுக்குள்ள போகணும். பூட்டைத் திறப்பியா, பூட்டோட சேர்த்துக் கதவு நிலையையே பேத்து எடுப்பியா?"

"அது வீட்டுக்காரர்மேல எனக்கு எவ்வளவு கோவம்ங்கறதப் பொறுத்தது."

மேடத்தின் விரல் திருகியது. நான் வாயை மூடிக்கொண்டேன். மணி பதினொன்றரை. ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு மூவரும் கிளம்பினோம்.

*

பொரிப்பகத்துக்கு எதிரே இரட்டைக் கம்பம், நடுவில் பளபளவென்று புது டிரான்ஸ்பார்மர். கம்பத்தில் கயிறு கட்டி ஒரு அட்டை: ‘சாட்சிப் பொருள். விசாரணை முடியும்வரை மேலுள்ள எதையும் தொடக் கூடாது.’ கீழே அதிகாரியின் நீளமான கையெழுத்து.

லைன்மேன் சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு டயர் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். ஆறு நாள் தாடி. எங்களைக் கண்டதும் இரண்டடி எடுத்து வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"கம்பத்துலேருந்து பத்தடி தள்ளி நிக்கணும்னு உத்தரவு மேடம். நான் அளந்து பார்த்தேன். இந்தக் கடையோட கடைசிப் படி பதினோரு அடி."

"அதிகாரிதான் இங்க இல்லையே, யார் பார்க்கப் போறா?" என்றேன்.

"உத்தரவு உத்தரவுதான் சார்."

பொய்க் கையெழுத்து போட்டதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஆள், யாரும் பார்க்காத சாலையில் டேப் பிடித்துப் பத்தடி அளந்திருக்கிறார். என்னைக் கேட்டால் வழக்கு அங்கேயே முடிந்தது. மேடத்துக்கு அதெல்லாம் போதாது. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார்.

"தொங்கற கம்பி தெரியுது. அது எதுல மாட்டியிருக்கணும்?"

"அதோ சாம்பல் கலர்ல, தட்டுகளை அடுக்கி வச்ச மாதிரி மூணு நிக்குது பாருங்க. அரெஸ்டர்னு சொல்லுவோம். சாதாரண நாள்ல அது எதுலயும் தலையிடாது, சும்மா நிக்கும். லைன்ல மின்னல் விழுந்தா மட்டும் வாயைத் திறந்து, மின்னலை எர்த் கம்பி வழியா மண்ணுக்குள்ள அனுப்பிடும். உடனே வாயை மூடிக்கும். அது இல்லேன்னா மின்னல் நேரா டிரான்ஸ்பார்மர் வயித்துக்குள்ள போயிடும்."

"வருஷம் பூரா சும்மா நின்னுட்டு ஒரு நாள் மட்டும் வேலை" என்றேன்.

"மாப்பிள்ளைக்கு ஏத்த சாமான்" என்றார் மாமியார்.

லைன்மேன் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "நான் திங்கட்கிழமை பார்த்தேன் அத்தை. மூணும் மாட்டியிருந்தது. கண்ணால பார்த்துட்டுத்தான் எழுதினேன்." பிறகு எங்கள் பக்கம் திரும்பி, தணிந்த குரலில் சொன்னார். "நேத்து என் பொண்டாட்டியே கேட்டுட்டா மேடம். ‘ஒருவேளை அசதில ஒரு கம்பத்தைப் பார்க்காம கையெழுத்து போட்டிருப்பீங்களோ’ன்னு. கோவமாக்கூட கேட்கல. எனக்கு ரொம்ப வலிச்சிருச்சு."

மாமியார் சட்டென்று கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தார். மகள் அப்படிக் கேட்டது அவருக்கும் அப்போதுதான் தெரிந்ததுபோலிருந்தது.

எனக்கோ மூளை வேகமாக ஓடியது. "மேடம், புரிஞ்சு போச்சு. இவருக்கு ஆகாத ஆள் ஒருத்தன் செவ்வாய்க்கிழமை ஏறி, நட்டைக் கழட்டி விட்டிருக்கான். இல்லன்னா செப்புத் திருடன்."

"செப்புத் திருடன் செப்புக் கம்பியைத் தொங்க விட்டுட்டுப் போவானா?"

"ஞாபக மறதி உள்ள திருடனா இருக்கலாம்."

"நட்டைக் கழட்டியிருந்தா போல்ட்டு மேலேயே இருக்கணும், நட்டு எங்கயாவது விழுந்திருக்கணும். இங்க நட்டு இறுகினது இறுகினபடி இருக்கு. மாட்டின வேலை சுத்தமா இருக்கு. போல்ட்டுதான் மேலிருந்து கழண்டு கீழ வந்திருக்கு. அதோட தலையைப் பாரு, கரி பிடிச்சிருக்கு." மேடம் லைன்மேனிடம் திரும்பினார். "அரெஸ்டர் கெட்டுப்போனா வழக்கமா இப்படித்தான் ஆகுமா?"

"இல்ல மேடம். கெட்டுப்போச்சுன்னா பீங்கான் வெடிச்சுச் சிதறிக் கிடக்கும். கீழ நின்னே தெரிஞ்சிடும். ஆனா அது பழைய மாடல். இது போன மாசம்தான் மாத்தினோம். பீங்கான் இல்ல, ரப்பர் மாதிரி இருக்கும். இது கெட்டு நான் பார்த்ததில்ல."

"புது மாடலா." மேடத்தின் குரல் மாறியது. அந்தக் குரல் எனக்குத் தெரியும்; அது வந்தால் ஸ்கூட்டரில் பெட்ரோல் இருக்கிறதா என்று நான் பார்த்துக்கொள்வது வழக்கம். "புதுசா ஒரு மிக்ஸி வாங்கினாக்கூட அதை எப்படி வச்சுக்கணும்னு உள்ள ஒரு காகிதம் இருக்கும். இதுக்கு?"

"அரெஸ்டர் மட்டும்தான் கைக்கு வந்தது மேடம். பெட்டியும் வரல, காகிதமும் வரல."

"யார் கொடுத்தது?"

"ஸ்டோர்ல."

*

மின்சார அலுவலகத்தின் பின்கட்டில் இருந்தது ஸ்டோர். கேபிள் உருளைகள், மீட்டர் பெட்டிகள், இன்சுலேட்டர்கள், எல்லாவற்றிலும் நம்பர் எழுதி ஒட்டியிருந்தது. தண்ணீர்ப் பானையிலும் ஒரு நம்பர். ஸ்டோர் கீப்பர் சட்டைப் பையில் மூன்று நிறப் பேனாக்களோடு, கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"இன்டென்ட் இருக்கா?" என்பதுதான் அவர் சொன்ன வணக்கம். இன்ன பொருள், இத்தனை வேண்டும் என்று எழுதி மேலதிகாரி கையெழுத்துப் போட்ட சீட்டுக்கு அங்கே இன்டென்ட் என்று பெயர். அது இல்லாமல் கடவுளே வந்தாலும் ஒரு ஆணி கிடைக்காது என்று லைன்மேன் வரும்போதே எச்சரித்திருந்தார்.

"எங்களுக்குப் பொருள் எதுவும் வேண்டாம். ஒரு கேள்விதான்" என்றார் மேடம். "போன மாசம் இவங்க லைனுக்குப் புது அரெஸ்டர் கொடுத்தீங்களா?"

"முப்பத்தாறு. பன்னெண்டு டிரான்ஸ்பார்மர், ஒண்ணுக்கு மூணு." பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "வாங்கினவங்க கையெழுத்து, நேரம், எல்லாம் இருக்கு."

"பெட்டியோட கொடுத்தீங்களா?"

"பெட்டி எதுக்குக் கொடுக்கணும்? இன்டென்ட்ல பெட்டின்னு இல்லையே. மடிச்சு அடுக்கி வச்சிருக்கேன்."

"பெட்டிக்குள்ள வேற ஏதாவது இருந்ததா?"

"ஒவ்வொண்ணுலயும் ஒரு காகிதம். அதுவும் இங்கதான் இருக்கு."

அலமாரியைத் திறந்து ஒரு கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். ரப்பர் பேண்ட் போட்டு, ஓரம் பிசகாமல், முப்பத்தாறு காகிதங்கள். மேலே ஒரு சீட்டில் அழகான கையெழுத்தில் ‘வழங்கப்படாதவை’ என்று எழுதியிருந்தது.

"இன்டென்ட்ல காகிதம்னு இல்லையே" என்று நான் முணுமுணுத்தேன்.

"பார்த்தீங்களா, தம்பிக்குப் புரியுது" என்று அவர் சந்தோஷப்பட்டார். "இந்த ஆபீஸ்ல யாருக்கும் புரியறதில்ல."

அந்த மனிதரைக் கட்டிப்பிடித்து அழுவதா, அந்தப் பேனாக்களைப் பிடுங்குவதா என்று எனக்குத் தெரியவில்லை. மேடம் கம்பி வலைக்குள் கையை நீட்டினார். அவர் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வெளியில கொடுக்க முடியாது. இன்டென்ட் வேணும்."

"வெளிய வேண்டாம். நீங்க உள்ளேயே உட்கார்ந்து வாசிங்க. நாங்க இங்க நின்னு கேட்டுக்கறோம். கேட்கறதுக்கு இன்டென்ட் கிடையாதே?"

ஸ்டோர் கீப்பர் யோசித்தார். சட்டத்தில் அதற்குத் தடை எதுவும் தென்படவில்லை போலிருக்கிறது. தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூட விழாவில் வாசிப்பவர்போல நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

"‘முக்கியக் குறிப்பு. இந்த அரெஸ்டரின் அடிப்பகுதியில் துண்டிப்பான் ஒன்று பொருத்தப்பட்டுள்ளது. அளவுக்கு மீறிய மின்னல் தாக்கி அரெஸ்டர் செயலிழந்தால், அதன் வழியே மண்ணுக்குப் பாயும் மின்சாரம் துண்டிப்பானுக்குள் இருக்கும் சிறு வெடியை வெடிக்கச் செய்யும். எர்த் கம்பி தன் போல்ட்டோடு கழன்று கீழே தொங்கும். தொங்கும் கம்பி, அரெஸ்டர் தன் கடமையை முடித்துவிட்டது என்பதற்கான அடையாளம். தாமதமின்றிப் புதிய அரெஸ்டரை மாற்றவும். அதுவரை டிரான்ஸ்பார்மருக்குப் பாதுகாப்பு இல்லை.’ கீழ ரெண்டு படம் போட்டிருக்கு. ஒண்ணுல கம்பி மாட்டியிருக்கு. இன்னொண்ணுல தொங்குது."

மேடம் புகைப்பட நகலை எடுத்து அந்த இரண்டாவது படத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அச்சு அசலாக ஒன்றுபோலவே இருந்தது.

"கம்பி மாட்டாமலே இருந்திருந்தா?" என்று மேடம் மெல்லக் கேட்டார்.

லைன்மேன்தான் பதில் சொன்னார். "மாட்டலைன்னா மண்ணுக்குக் கரண்டே போகாது. போகலைன்னா வெடிக்காது. வெடிக்கலைன்னா போல்ட்டு கழண்டு விழாது." ஒவ்வொரு வாக்கியத்தையும் படியேறுவதுபோலச் சொன்னார். "அப்போ தொங்கறதே மாட்டியிருந்ததுனாலதான் மேடம்."

"உங்களை மாட்டிவிட எடுத்த போட்டோ, உங்களுக்குச் சாட்சி சொல்லுது" என்றார் மேடம்.

லைன்மேன் ஒரு கேபிள் உருளைமேல் தொப்பென்று உட்கார்ந்து, முகத்தை இரண்டு கையாலும் அழுத்தித் துடைத்துக்கொண்டார். மாமியார் அவர் தோளைத் தட்டினார். எனக்கு விசிலடிக்க வேண்டும்போல இருந்தது.

அப்போதுதான் தூரத்தில், மேற்கே, ஒரு இடி உருண்டது.

லைன்மேன் நிமிர்ந்தார். முகத்தில் இருந்த சந்தோஷம் அப்படியே வடிந்துவிட்டது. "மேடம், மணி என்ன?"

"ரெண்டே கால்."

"வெள்ளிக்கிழமை டிரான்ஸ்பார்மரை மட்டும்தான் மாத்தினாங்க. அரெஸ்டரைத் தொடல. சாட்சிப் பொருள்னு அட்டை மாட்டிட்டாங்க. செத்துப்போன காவல்காரனைப் பக்கத்துல நிக்கவச்சிட்டுப் புது டிரான்ஸ்பார்மரை ஓட்டிக்கிட்டு இருக்கோம். இந்த மழைல ஒரு மின்னல் விழுந்தா இதுவும் போயிடும்."

"எங்க ஜெனரேட்டர் போன தடவையே இருமிச்சு" என்றார் மாமியார்.

*

அதிகாரி தலைமை அலுவலகத்திலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கோப்பு அடுக்குவதில் கெட்டிக்காரர். கம்பம் ஏறிப் பழக்கமில்லை. மேஜைமேல் அந்தப் புகைப்படம் பெரிதாக்கி வைக்கப்பட்டிருந்தது, பக்கத்தில் டைப் அடித்த ஆர்டர், கையெழுத்து மட்டும் பாக்கி.

மேடம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அதிகாரி கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா அரெஸ்டர் ஒழுங்கா வேலை செஞ்சிருந்தா டிரான்ஸ்பார்மர் எப்படி எரிஞ்சது?"

நான் அதை யோசிக்கவே இல்லை. மேடம் யோசித்திருந்தார்.

"அம்மா, புதன்கிழமை என்ன நடந்ததுன்னு எங்ககிட்ட சொன்னீங்களே, அதை சார்கிட்ட சொல்லுங்க."

மாமியார் கைப்பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். பொரிப்பகத்தின் வெப்பப் பதிவேடு. அடைவைத்த முட்டைக்குச் சூடு கூடினாலும் குறைந்தாலும் கதை முடிந்தது என்பதால், கரண்ட் போனால் வந்தால் நிமிடத்தோடு எழுதிவிடுவார்களாம்.

"ரெண்டு பத்துக்கு ஒரு இடி, கரண்ட் போய் அரை நிமிஷத்துல வந்தது. ரெண்டு நாப்பதுக்கு இன்னொரு இடி, டிரான்ஸ்பார்மர் வெடிச்சது. எழுதியிருக்கு பாருங்க சார்."

"மின்னல் ரெண்டு தடவை வந்திருக்கு" என்றார் மேடம். "முதல் தடவை அரெஸ்டர் அதைத் தாங்கி, மண்ணுக்கு அனுப்பிட்டு, செத்து, கம்பியைக் கீழ விட்டுடுச்சு. சப்ஸ்டேஷன்ல லைனைத் திரும்பப் போட்டாங்க. அரை மணி நேரம் கழிச்சு வந்த ரெண்டாவது மின்னலுக்குக் காவல் இல்ல. தொங்கற கம்பிக்கு என்ன அர்த்தம்னு இந்த ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது. ஏன்னா அதைச் சொல்ற காகிதம் உங்க ஸ்டோர்ல ரப்பர் பேண்ட் போட்டு பத்திரமா இருக்கு."

அதிகாரி பதிவேட்டைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். காது மடல் சிவந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"சரி. எதுவா இருந்தாலும் நாலு மணிக்கு விசாரணைல சொல்லுங்க."

இன்னொரு இடி. ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது.

"நாலு மணிக்குன்னு மழைக்கும் நோட்டீஸ் அனுப்பியிருக்கீங்களா சார்?" என்றேன். மேடம் விரலைத் திருகவில்லை. அது எனக்குப் பெரிய பரிசு.

"அந்தக் கம்பத்துல ‘தொடக் கூடாது’ன்னு ஒரு அட்டை தொங்குது" என்றார் அவர், ரொம்பவும் மரியாதையாக. "காவல் இல்லாத டிரான்ஸ்பார்மரை அப்படியே விடச் சொன்ன உத்தரவு அது. இன்னிக்கு அது எரிஞ்சா, போன வாரம் மாதிரியே யாராவது கையெழுத்து யாருதுன்னு பார்ப்பாங்க."

அதிகாரி தன்னுடைய கையெழுத்தைத் தானே தூரத்திலிருந்து பார்ப்பவர்போல உட்கார்ந்திருந்தார். பிறகு சட்டென்று எழுந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஒரு தடவை முடிவெடுத்துவிட்டால் ஓடவும் தெரிந்திருந்தது. டைப் அடித்த ஆர்டரை நாலாகக் கிழித்தார். வெள்ளைத் தாளில் ‘பணியிடை நீக்கம் ரத்து, உடனே பணிக்குத் திரும்பவும்’ என்று கையாலேயே எழுதி, நேரத்தையும் போட்டு, லைன்மேனிடம் நீட்டினார்.

"மாத்த எவ்வளவு நேரம் ஆகும்?"

"மூணையுமே மாத்திடலாம். லைனை நிறுத்திக் கொடுத்தா, இருபது நிமிஷம் சார்."

"நிறுத்தச் சொல்றேன். அரெஸ்டரை வாங்கிட்டு ஓடுங்க."

"இன்டென்ட் வேணும் சார்" என்றோம் நாங்கள் நாலு பேரும் ஒரே குரலில்.

இன்டென்ட் எழுதப்பட்டது. ஸ்டோர் கீப்பர் அதைக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். அரெஸ்டர், மூன்று. காகிதம், முப்பத்தாறு. அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். "இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் முழுசா ஒரு இன்டென்ட் வந்திருக்கு" என்றபடி முழுக் கட்டையும் தூக்கிக் கொடுத்தார்.

*

லைன்மேன் என்னிடம் ஒரு விசிலைக் கொடுத்தார்.

"சார், மேற்குப் பக்கம் பார்த்துக்கிட்டே இருங்க. மின்னல் தெரிஞ்சதும் ஒண்ணு, ரெண்டுன்னு எண்ண ஆரம்பிங்க. இடிச் சத்தம் வந்ததும் நிறுத்துங்க. முப்பதுக்குக் கீழ வந்துச்சுன்னா மழை பக்கத்துல வந்துடுச்சுன்னு அர்த்தம். உடனே ஊதுங்க. வேலை பாதில இருந்தாலும் இறங்கிடுவேன்."

"எண்ணும்போது வேற எதுவும் பேசக் கூடாது" என்றார் மேடம் என்னைப் பார்த்து.

லைனை நிறுத்தியாகிவிட்டது என்று போனில் உறுதி வந்தது. உடன் வந்த இரண்டு லைன்மேன்கள் நீளக் கழியால் லைன் கம்பிகளைத் தொட்டுச் சோதித்து, மண்ணோடு இணைத்துக் கட்டினார்கள். அதிகாரி தன் கையாலேயே அட்டையை அவிழ்த்தார். எங்கள் லைன்மேன் மேலே ஏறினார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எழும் ஆளா இவர் என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. பெல்ட்டைப் போட்டுச் சாய்ந்துகொண்டு, பழையதைக் கழற்றிக் கயிற்றில் இறக்கினார், புதியதை இழுத்து மாட்டினார். எர்த் கம்பியை வளைத்துச் சுற்றாமல், குட்டையாக, நேராக வெட்டி இறுக்கினார். மின்னலுக்குச் சுற்றுவழி பிடிக்காது, வழி எவ்வளவு நேராக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று கீழே நின்ற லைன்மேன் ஒருவர் எனக்கு விளக்கினார். நான் ஒன்றும் பதில் சொல்லவில்லை. நாற்பத்தெட்டில் இருந்தேன்.

அடுத்தது நாற்பத்தொன்று. இரண்டாவது அரெஸ்டர் ஏறியது.

அடுத்தது முப்பத்தாறு. விசிலை உதட்டருகே கொண்டுபோனேன். மாமியார் பொரிப்பகத்து வாசலில் நின்று, "போதும் மாப்பிள்ளை, இறங்குங்க" என்று கத்தினார். பன்னிரண்டாயிரம் முட்டை அவருக்கு அப்போது ஞாபகமே இல்லை.

முப்பத்து மூன்று. மூன்றாவது நட்டு இறுகியது. அவர் இறங்கி, எல்லாவற்றையும் அவிழ்த்து, ஆட்களை எண்ணிப் பார்த்து, லைனைப் போடச் சொன்னபோது முதல் மழைத்துளி அதிகாரியின் வழுக்கையில் விழுந்தது. எல்லோரும் பொரிப்பகத்துக்குள் ஓடினோம்.

பத்து நிமிடம் கழித்து வந்தது. ஜன்னல் முழுக்க வெள்ளையாகி, அதே நொடியில் இடித்தது. விளக்கு ஒரு தடவை கண்ணைச் சிமிட்டியது.

திரும்ப எரிந்தது. இன்குபேட்டர்களின் உறுமல் மாறாமல் ஓடியது. அதிகாரிதான் முதலில் ஜன்னலுக்கு ஓடி அண்ணாந்து பார்த்தார். மூன்று கம்பிகளும் மாட்டியபடியே இருந்தன. மேடம் மாமியாரின் பதிவேட்டை எடுத்து, நேரத்தை எழுதி, எதிரில் ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று குறித்தார்.

லைன்மேன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மனைவிக்குப் போன் செய்து, மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டார். மழைச் சத்தத்தில் வேறு எப்படியும் கேட்காது.

"நான்தான். இன்னிக்கு வர லேட்டாகும். டூட்டி. இன்னும் பதினோரு டிரான்ஸ்பார்மர்ல எங்கயாவது கம்பி தொங்குதான்னு பார்க்கணும். மழை விட்டதும் கிளம்பணும்."

அந்தப் பக்கத்துப் பெண்குரல், நம்ப முடியாததுபோல, "டூட்டியா?" என்றது.

"ஆமா."

"நான் நேத்து அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

"நீ கேட்டதுல தப்பில்ல. எல்லாரும் கேட்கக் கேட்க, ஆறு நாளா எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, நான் நிஜமாவே அந்தக் கம்பத்தைப் பார்த்தேனா இல்லையான்னு." அவர் ஜன்னல் வழியே மேலே பார்த்தார். கண் கலங்கியிருந்தது, அதை மறைக்கவும் இல்லை. "பார்த்திருக்கேன்மா. நல்லாவே பார்த்திருக்கேன்."